உருவம் சுருங்கலாம், காலம் சுருங்கலாமா?

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பங்குகளில் இளைஞர்களின் கைகள் சும்மா இருப்பதில்லை. கரிசல் மண், வைக்கோல், சாக்கு, வெட்டி வந்த கருவேல மிலாறு இவற்றோடு முன்னாளில் குடில் நிறைவு பெற்றது. இன்று மின்மோட்டாரும் அங்கே இடம் பிடித்துவிட்டது. தறியில் அமர்ந்த பொம்மை கையசைக்கிறது. கமலைக் கிணற்றில் மாடுகள் முன்னும் பின்னும் போகின்றன. சில இடங்களில் பொம்மை இரயிலும் சுற்றி வருகிறது. “மீட்பரின் பிறப்பைத் தியானிக்க வேண்டிய இடத்தில் இந்த வேடிக்கை எதற்கு?” என்று முதியோர் சிலர் வினவுகின்றனர். நேர்மையான வினா இது. சற்றே எண்ணிப் பார்ப்போம்.

குடிலுக்கு அசைவு புதிதன்று. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் அமைத்த குடிலில் சுரூபங்கள் இல்லை. தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையுமே இருந்தன. பிற்காலத்தில் செக் நாட்டின் இந்த்ரிஹூவ் ஹ்ராதெட்ஸ் நகரில் தொமாஷ் கிரீஸா (1838–1918) என்பவர் ஏறத்தாழ 60 ஆண்டுகள் உழைத்து ஒரு குடிலை உருவாக்கினார். அதில் 1,398 உருவங்கள் உள்ளன. 133 உருவங்கள் அசைகின்றன. அவருடைய தொழில் காலுறை பின்னுவது. நெசவை நம்பி வாழும் அருப்புக்கோட்டைக்கு அவரை அந்நியர் என்று சொல்ல முடியுமா?

ஆகவே அசைவு தகுமா என்பதைவிட, எத்தகைய அசைவு தகும் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. விளையாட்டுப் பொருள்களில் உள்ள சிறு மோட்டார் நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும். அதை நேரே பூட்டினால் தறிக்காரரின் கை வலிப்பு வந்ததுபோல் துடிக்கும், காண்போர் சிரிப்பர். மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் மோட்டாரோ நிமிடத்திற்கு 5 அல்லது 6 சுற்றே சுற்றும். அப்படியும் கூனை 10 முதல் 12 நொடிக்கு ஒருமுறை மேலே வந்துவிடும். நம் வானம் பார்த்த பூமியின் ஆழக் கிணறுகளுக்கு அதுவும் அவசரமே. வேகத்தைத் தணிக்க இன்னொரு பல்சக்கரம் வேண்டும். மேலும், நீர் நிறைந்த கூனை ஏறும் வேகமும் வெறுங்கூனை இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்கலாகாது. இருந்தால் நீரின் பாரம் தோன்றாது. மாட்டின் உழைப்பும் தோன்றாது.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. கிணற்றைச் சாண் அளவுக்குச் சுருக்கலாம். மாட்டை விரல் அளவுக்குச் சுருக்கலாம். உழைப்பு எடுத்துக்கொண்ட காலத்தைச் சுருக்கினாலோ அது கேலிக்கூத்தாகிவிடும். முன் பின் என்னும் வரிசையில் இயக்கத்தை அளப்பதே காலம் என்றார் அரிஸ்டாட்டில். புனித தோமா அக்குவினாரும் அதை ஏற்றுக்கொண்டார். அவ்வாறாயின், ஒருவரின் இயக்கத்தை அவசரப்படுத்திக் காட்டுவது அவர் செலவிட்ட வாழ்நாளையே மறைப்பதாகும்.

இதனால் பழைய வறுமையைப் புகழ்கிறோம் என்று கருத வேண்டாம். கமலை இறைத்தவர்களுக்கு முதுகு வலித்தது. பம்புசெட்டு வந்தபோது அது விடுதலையாகவே வந்தது. துன்பத்தை அழகுபடுத்துவது நம் நோக்கமன்று. அதன் விலையை மறைக்கக் கூடாது என்பதே நம் கருத்து. கடையில் ஒரு சேலையை எடுத்துப் பார்க்கும் நாம் விலையைக் கேட்கிறோம், பேரமும் பேசுகிறோம். எத்தனை மணி நேரம் ஒருவர் தறியில் குனிந்திருந்தார் என்று கேட்பதில்லை. மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர் எத்தனை இரவுகள் புகையருகே விழித்திருந்தார் என்றும் கேட்பதில்லை. பிறருடைய காலத்தை நம் மனத்தில் நாம் சுருக்கிவிடுகிறோம். கூலி குறைவது அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது குடிலின் நடுவே நோக்குவோம். அளவற்றவர் அங்கே ஒரு முழத்துக்குள் அடங்கிக் கிடக்கிறார். தம் மகிமையைச் சுருக்கிக்கொண்ட அவர் காலத்தைச் சுருக்கிக்கொள்ளவில்லை. தாயின் கருவில் முழு மாதங்களும் இருந்தார். பணி தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது என்கிறார் லூக்கா. அதுவரை நாசரேத்தில் தச்சருடைய பிள்ளையாக, மரம் இழைபடும் வேகத்திலேயே அவருடைய நாள்களும் நகர்ந்தன. மனித உழைப்பின் நேரத்தை முழுமையாக வாழ்ந்து காட்டியதும் மனுவுருவாதல் என்னும் மறைபொருளின் ஒரு கூறே.

எனவே, குடில் கட்டும் இளைஞரே, மோட்டார் வையுங்கள், தடையில்லை. அதற்கு முன் ஊரில் கமலை ஓட்டிய பெரியவர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். கூனை மேலே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்துக்குச் சக்கரத்தைத் திருத்துங்கள். விரைந்து ஓடும் பொம்மையைக் கண் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மெல்ல அசைவதன்முன் கால் நின்றுவிடும். நின்றவரின் கண், அசையாமல் கிடக்கும் குழந்தையிடம் போய்ச் சேரும்.