கல்லைத் திருப்பி வைத்தல்

அக்கா மகள் படிக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஏலகிரிக்கு மலையேற்றம் அழைத்துப்போனார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றதால் நானும் போனேன். சுவாமிமலை ஏறும் பாதையில் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன்: "புத்தகத்துல படிக்கிறது வேற. ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க, கீழ ஒரு ஊரே இருக்கும்."

இருந்தது. முதல் கல்லின் அடியில், வெள்ளை மணிகள் போன்ற தம் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு ஓடும் எறும்புகள். அடுத்ததில் சுருண்டு கிடந்த மரவட்டை. மூன்றாவது கல்லை நான் குச்சியால் நெம்பினேன். ஒரு தேள். முதுகு நிறைய வெளிறிய குட்டிகள். தேள் முட்டையிடாது, குட்டிதான் போடும், முதல் தோலை உரிக்கும்வரை குட்டிகள் தாயின் முதுகிலேயே இருக்கும் என்று விளக்கினேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பிறகு, பொறுப்பான ஆள் என்ற நினைப்பில், கல்லை இருந்தபடியே வைத்தேன்.

வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெரியவர் பதறிவிட்டார். "அய்யோ, அப்படி வைக்கக் கூடாது சார். தேளை ஓரமா தள்ளிட்டு மொதல்ல கல்லை வைக்கணும். அப்புறம் அதுவா உள்ள பூந்துக்கும்."

தூக்கிப் பார்த்தோம். நசுங்கியிருந்தது.

"மாமா, நாமதான கொன்னோம்?" என்றாள் அக்கா மகள்.

கணினியில் ஒரு கோப்பைத் திறந்து படித்துவிட்டு மூடினால் அதில் ஓர் எழுத்தும் மாறாது. உலகத்தையும் அப்படிப் படித்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். கல்லுக்கு அடியில் இருக்கும் இருட்டும் ஈரமும்தான் அந்த உயிர்களின் வீடு. நாம் பார்ப்பதற்காகத் தூக்கும்போதே கூரை போய்விடுகிறது.

அப்படியென்றால் தொடாமலே இருந்துவிடலாமா? நான் பள்ளியில் தேளைப் படமாகத்தான் படித்தேன். அம்புக்குறி போட்டு பாகம் குறித்து மதிப்பெண் வாங்கினேன். அதே வருடம் வீட்டுக் கொல்லையில் வந்த தேளைச் செருப்பால் அடித்தேன். கை கொஞ்சமும் தயங்கவில்லை. தொடாமல் படித்த படிப்பு எந்த உயிரையும் காப்பாற்றவில்லை. அன்று அந்தப் பிள்ளையின் முகத்தில் பார்த்த கலக்கம் எந்தப் படத்தாலும் வந்திருக்காது.

ஆனால் இங்கேதான் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'ஒரு தேள் போனால் என்ன, நாற்பது பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களே' என்று கணக்கை நேர்செய்ய மனம் பறக்கிறது. அந்தக் கணக்கில் தேளுக்குப் பங்கே இல்லை. பாடம் நமக்கு, செலவு அதற்கு.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்லலாம். அதுவும் முழு உண்மை இல்லை. தெரிந்தவர் இரண்டடி தள்ளி நின்றார். தேளின் பிரசவம்வரை பேசிய நான், கல்லை எப்படி வைப்பது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்னும்போது, தெரியாது என்பது சாக்குதான். ஒரு கல்லைத் தூக்கும் உரிமை, அதைத் திருப்பி வைக்கத் தெரிந்த பிறகுதான் வருகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

"நாம இல்லம்மா, நான்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு பெரியவர் காட்டிக்கொடுக்க, பிள்ளைகள் இன்னும் நாலைந்து கற்களைப் புரட்டினார்கள். அவள் ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வொரு கல்லையும் திருப்பி வைக்கும்போது மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள்.