தெரிந்தெடுத்தலும் தெரியவருதலும்

தமிழில் ‘தெரி’ என்னும் வினையடி, ஒரு பொருள் கண்ணுக்கோ அறிவுக்கோ புலப்படுவதையும் குறிக்கும், பலவற்றுள் ஒன்றை ஆராய்ந்து எடுத்துக்கொள்வதையும் குறிக்கும். ‘தேர்தல்’ என்ற சொல்லுக்கு வேரான ‘தேர்’ என்பதற்கும் ஆராய்தல், தெளிதல், தெரிந்தெடுத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’ என்றே பெயர் பெற்று, ஒருவனை ஆராய்ந்து அறிந்த பிறகே அவன்மேல் நம்பிக்கை வைக்க வேண்டும் என்ற வரிசையைத் தன் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. இந்தச் சொல்வழக்குக்குள் ஓர் அறக்கோட்பாடு உறைந்திருக்கிறது: அறிவும் விருப்பும் ஒன்றாக இயங்கும்போதுதான் தெரிவு என்பது மனிதச் செயலாகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் கடந்த எழுபது ஆண்டுகளில் அடைந்துள்ள வடிவத்தை நோக்கினால், இவ்விரண்டும் தனித்தனியே பிரிந்து கிடப்பதைக் காணலாம். மாதக்கணக்கில் ஓடும் விளம்பரங்கள் மக்களை அறியாமலே விரும்பச் சொல்கின்றன. வாக்குகள் எண்ணப்படும் அந்த ஓர் இரவோ, தாங்கள் ஏற்கெனவே செய்துமுடித்த செயலை ஊழின் தீர்ப்பைப் போல உட்கார்ந்து காத்திருந்து அறியும்படி அவர்களை வைக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மனித விருப்பாற்றலுக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி.

தொலைக்காட்சி விளம்பரம் அமெரிக்கத் தேர்தலுக்குள் முழு வலிமையோடு நுழைந்த ஆண்டு 1952. படைத்தலைவராக இருந்து புகழ்பெற்ற ஐசனோவருக்காக, மருந்து முதலிய சரக்குகளுக்கு விளம்பரம் எழுதிப் பெயர்பெற்ற ராசர் ரீவ்ஸ் குறும்படங்களை வகுத்துக் கொடுத்தார். குடிமக்கள் கேள்வி கேட்க, ஐசனோவர் சில நொடிகளில் விடை சொல்வதாக அவை அமைந்திருந்தன. ஆனால் விடைகளே முதலில் படமாக்கப்பட்டன. கேள்வி கேட்பவர்கள் பின்னர் வேறிடத்தில் பிடிக்கப்பட்டு, அந்த விடைகளுக்கேற்ற கேள்விகளைச் சொல்லவைக்கப்பட்டனர். கேட்டவரும் சொன்னவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஓர் உரையாடலின் தோற்றம் மட்டும் இருந்து, உரையாடலின் உயிரான செவிகொடுத்தல் அங்கே இல்லாமற்போனதை ஒரு தொழில்நுட்ப வசதி என்று கடந்து செல்ல முடியாது. கேள்விக்கு முன்பே விடை ஆயத்தமாக இருக்கும் இடத்தில் குடிமகனுக்கு வேலை எதுவும் இல்லை.

இதைவிட ஆழமான மாதிரி, 1964 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒரே ஒருமுறை கட்டணம் செலுத்தி ஒளிபரப்பப்பட்ட, பின்னாளில் ‘டெய்சி’ என்று பெயர்பெற்ற விளம்பரம். அன்றைய தலைவர் லிண்டன் ஜான்சனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சிறுமி பூவின் இதழ்களைக் கிள்ளியபடி, எண்களை முன்பின்னாகக் குழப்பி, ஒன்பது வரை எண்ணுகிறாள். அப்போது ஓர் ஆண்குரல் ஏவுகணைத் தளத்தின் முறையில் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறது. படக்கருவி அவள் முகத்தை நெருங்கி, கண்ணின் கருமணிக்குள்ளேயே புகுந்துவிட, அந்த இருட்டிலிருந்து அணுகுண்டின் புகைக்காளான் எழுகிறது. எதிர்த்து நின்ற பேரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் எங்கும் இல்லை. களத்திலுள்ள தளபதிகளுக்குச் சிறிய அணு ஆயுதங்களைக் கையாளும் அதிகாரம் தரலாம் என்ற கருத்தை அவர் வெளிப்படையாகப் பேசியிருந்ததால், பெயரைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பார்த்தவர்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

அந்த விளம்பரத்தின் ஒலியமைப்புக்கும் கருத்துக்கும் பெரும்பங்களித்த டோனி ஸ்வார்ட்ஸ், 1973இல் வெளியிட்ட நூலில் இந்த முறைக்கு ஒரு கோட்பாட்டையே வகுத்தார். விளம்பரக்காரன் புதிய செய்தியை மக்களுக்குள் செலுத்த வேண்டியதில்லை, அவர்களுக்குள் ஏற்கெனவே படிந்து கிடப்பதை மீட்டினாலே போதும் என்பது அதன் சாரம். இந்திய யோக நூல்கள் ‘வாசனை’ என்று குறிக்கும் ஒன்றையே, அதாவது முன் நுகர்ச்சிகள் மனத்தில் விட்டுச்செல்லும் படிவுகளையே, அவர் வேறு சொற்களால் சொன்னார். ஆனால் யோகம் அந்தப் படிவுகளை அடையாளம் கண்டு அவற்றின் பிடியிலிருந்து விடுபடுவதற்கான பயிற்சி. விளம்பரமோ அவற்றின் பிடியை இறுக்கிப் பயன்கொள்ளும் கலை. இரண்டும் மனத்தைப் பற்றிய ஒரே உண்மையில் தொடங்கி நேர் எதிரான திசைகளில் செல்கின்றன.

இந்த இடத்தில் ஒரு தற்செயல் கருதத்தக்கது. அந்த விளம்பரம் ஒளிபரப்பான இரவில் என்.பி.சி. காட்டிக்கொண்டிருந்த திரைப்படம், விவிலியத்தின் தாவீது அரசனையும் பத்சேபாளையும் பற்றியது. சாமுவேலின் இரண்டாம் நூலில், உரியாவின் மனைவியைக் கவர்ந்து அவனையும் சாகவிட்ட தாவீதிடம் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி வருகிறார். ஏழை ஒருவன் பிள்ளையைப் போல் வளர்த்த ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துக்கொண்ட கதையைச் சொல்லி, அரசனின் சினத்தைக் கிளப்பி, அந்தச் செல்வன் அரசனேதான் என்று முடிக்கிறார். நாத்தானும் பெயர் சொல்லாமல்தான் தொடங்கினார். அவரும் கேட்பவனுக்குள் இருந்த உணர்ச்சியைத்தான் மீட்டினார். ஆயினும் அவர் எழுப்பிய உணர்ச்சி கேட்டவன் தன்னையே பார்க்கும்படி திருப்பி விடப்பட்டது. விளம்பரம் எழுப்பிய அச்சம் இன்னொருவன்மேல் ஏவப்பட்டது. மனத்தைத் தொடுவது குற்றமாகாது; தொட்டபின் அதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில்தான் தீர்க்கதரிசிக்கும் விளம்பரக்காரனுக்கும் உள்ள தொலைவு இருக்கிறது. அமைதியின் காவலராகக் காட்டப்பட்ட ஜான்சன் பெருவெற்றி பெற்றார். 1965 மார்ச்சு மாதமே அவர் அனுப்பிய கடற்படை வீரர்கள் வியட்நாமின் தா நாங் கரையில் இறங்கினார்கள்.

விளம்பரத்தின் ஒழுக்கக்கேடு பொய் சொல்வதில் இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். அது முழுமையானதன்று. ஏறத்தாழ கி.பி. 395இல் பொய்மை பற்றித் தனிநூல் எழுதிய புனித அகுஸ்தீன், பொய்யின் இருப்பிடத்தைச் சொல்லில் தேடாமல் சொல்பவனின் நெஞ்சில் தேடினார்; தன் சொல் நம்பப்படாது என்று அறிந்தவன், கேட்பவனைத் தவறான வழியில் செலுத்துவதற்காகவே உண்மையைச் சொன்னால் அவன் பொய்யனா என்ற நுட்பமான வினாவையும் எழுப்பினார். அந்த வினாவுக்கு 1988ஆம் ஆண்டுத் தேர்தல் ஓர் உரைகல். ஜார்ஜ் புஷ் தரப்பினர், எதிர்வேட்பாளரான மைக்கேல் டுகாகிஸ் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கைதிகளுக்குத் தற்காலிக விடுப்பு வழங்கப்பட்டதைக் கண்டித்து, கைதிகள் சுழற்கதவு வழியாகச் சிறைக்குள் போய் உடனே வெளியேறுவதைக் காட்டும் விளம்பரத்தை வெளியிட்டனர். கொடிய கொலைக்குற்றவாளிகளுக்கும் விடுப்பு தரப்பட்டது என்று குரல் சொல்கையில், 268 பேர் தப்பினர் என்னும் எழுத்து திரையில் தோன்றியது. விடுப்பு தரப்பட்டது மெய், எண்ணும் மெய். ஆனால் அந்த எண், பல ஆண்டுகளில் எல்லா வகைக் குற்றவாளிகளுள்ளும் தப்பியவர்களுடையது. அவர்களுள் அத்தகைய கொலைக்குற்றவாளிகள் மிகச் சிலரே. இரண்டு மெய்கள் அருகருகே வைக்கப்பட்டு, பார்ப்பவன் மனத்தில் ஒரு பொய் பிறந்தது. அந்தப் பொய்யை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அளவை நூலார் ‘திரிபு’ என்று அழைக்கும் பிழையறிவை, அதாவது ஒன்றை மற்றொன்றாகத் துணிவதை, குற்றமற்ற உறுப்புகளைக் கொண்டே கட்டிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அமெரிக்கச் சட்டம் இதைத் தடுப்பதில்லை. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, வேட்பாளர் தரும் விளம்பரத்தின் உள்ளடக்கத்தை ஒளிபரப்பு நிலையங்கள் தணிக்கை செய்யக்கூடாது என்கிறது. பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசன மரபு, வாக்காளரே மெய்பொய்யைப் பிரித்தறிவர் என்று நம்புகிறது. 2002இல் வந்த சட்டத் திருத்தம் வேறொன்றைக் கேட்டது: இந்தச் செய்தியை ஏற்கிறேன் என்று வேட்பாளர் தம் வாயால் சொல்ல வேண்டும். உண்மையைக் கட்டாயப்படுத்த முடியாத சட்டம், சொன்னவன் யார் என்பதையாவது கட்டாயப்படுத்த முயன்றது. இது அகுஸ்தீனின் வழியில் நெஞ்சைத் தேடிச் செல்லும் ஒரு சிறு அடி. வேட்பாளரைச் சாராத குழுக்கள் வரம்பின்றிச் செலவிட 2010ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிதிறந்த பிறகு, மிகக் கடுமையான சொற்கள் வேட்பாளரின் வாயிலிருந்து விலகி, பெரும்பாலோர் பெயரே அறியாத குழுக்களின் வாய்க்குச் சென்றுவிட்டன.

இனி, தேர்தல் இரவு. ஆங்கிலத்தில் தேர்தலைக் குறிக்கும் சொல்லுக்குச் சமயப் பொருளொன்று உண்டு. தமிழ் விவிலியம் அதைத் ‘தெரிந்துகொள்ளுதல்’ என்று பெயர்க்கிறது. மீட்படைய வேண்டியவர்களை உலகப் படைப்புக்கு முன்பே கடவுள் தெரிந்துகொண்டுவிட்டார், மனிதர் எதைச் செய்தும் அதை மாற்ற முடியாது என்பது சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஜான் கால்வின் அழுத்தமாகக் கற்பித்த கோட்பாடு. அதைத் தழுவிய தூய்மைவாதிகள் மாசசூசெட்ஸில் குடியேறியபோது, கடவுளின் தெரிவையும் குடிமக்களின் தெரிவையும் ஒரே நாளில் நினைவுகூரும் வழக்கத்தை உண்டாக்கினர். ஆண்டுதோறும் தேர்தல் நாளில் ஆளுநருக்கும் அவையோருக்கும் முன்னால் போதகர் ஒருவர் அருளுரை வழங்கும் அம்மரபு 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1884 வரை நீடித்தது. முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பதெல்லாம் அதற்கான அடையாளங்களைத் தேடுவதே என்ற மனநிலையில் அந்த மக்கள் தம் அன்றாட வாழ்வை நாட்குறிப்புகளில் எழுதி எழுதித் துருவினார்கள். வண்ணம் தீட்டிய மாநில வரைபடத்தின் முன் விடியும்வரை விழித்திருக்கும் இன்றைய அமெரிக்கரிடம் அந்தத் துருவலின் எச்சம் காணப்படுகிறது என்று கருத இடமுண்டு.

நாளை ஒரு கடற்போர் நிகழும் என்ற கூற்று இன்றே மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க முடியுமா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். தேர்தல் இரவின் நிலை வேறு. வாக்குகள் பெட்டிக்குள் விழுந்துவிட்டன. மெய் இருக்கிறது, அறிவு இல்லை. இந்த இடைவெளியை ஊகத்தால் கடக்கும் முயற்சி 1952 நவம்பர் 4 இரவு யூனிவாக் என்னும் கணினியோடு புதிய கட்டத்தை எட்டியது. ஏறத்தாழ 34 லட்சம் வாக்குகளை மட்டும் கொண்டு, ஐசனோவர் 438, அவரை எதிர்த்து நின்ற ஸ்டீவன்சன் 93 தேர்வாளர் வாக்குகள் பெறுவர் என்று அது கணித்தது. தேர்வாளர் வாக்கு என்பது, மாநிலவாரியாகத் தலைவரை முறைப்படி தெரிந்தெடுக்கும் குழுவின் வாக்கு. கடும்போட்டியை எதிர்பார்த்திருந்த தொலைக்காட்சியினர் அந்தக் கணிப்பை நம்பாமல் உடனே அறிவிக்கத் தயங்கினர். முடிவு 442க்கு 89 என்று வந்தது. அதற்குப் பிறகு தயக்கம் குறைந்தது. 1980இல், கலிபோர்னியாவில் வாக்குச்சாவடிகள் மூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம் இருக்கும்போதே ரேகன் வென்றார் என்று என்.பி.சி. அறிவித்தது, அந்த மூன்று மணிநேரத்தில் வரிசையில் நின்றவர்கள் தெரிந்தெடுக்கப் போகும் முன்பே முடிவு அவர்களுக்குத் தெரியவந்துவிட்டது.

2000 நவம்பர் 7ஆம் நாள் இரவு இந்த இறுமாப்புக்கு விடை தந்தது. ஃபுளோரிடாவின் மேற்கு முனை வேறு நேர வலயத்தில் இருப்பதால் அங்கு வாக்குப்பதிவு முடியாதபோதே, அந்த மாநிலத்தை அல் கோர் வென்றதாகத் தொலைக்காட்சிகள் அறிவித்தன. பிறகு திரும்பப் பெற்றன. நள்ளிரவு கடந்து இரண்டேகால் மணியளவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வென்றதாகக் கூறின. விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன. அடுத்த முப்பத்தைந்து நாள்கள் நாட்டின் பார்வை ஒரு காகிதத் துணுக்கின்மேல் குவிந்தது. வாக்காளர் ஊசி போன்ற கோலால் குத்தும்போது அட்டையிலிருந்து விழ வேண்டிய, அரிசிமணி அளவேயான ‘சேட்’ என்னும் அத்துணுக்கு சில அட்டைகளில் ஒரு மூலையில் தொங்கியது. சிலவற்றில் பிரியாமல் வெறும் குழிவாக நின்றது. வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வாக்கு செல்லும் என்றது மாநிலச் சட்டம். ஆகவே அலுவலர்கள் அட்டைகளை விளக்கொளிக்கு நேரே உயர்த்திப் பிடித்தும் உருப்பெருக்காடியை வைத்தும், முகமறியாத ஒரு மனிதனின் விருப்பம் அந்தக் குழிவில் இருக்கிறதா என்று தேடினார்கள். பல மாதங்கள் பெரும்பொருள் செலவிட்டு மனங்களை மீட்டிய விளம்பரங்களைக் காட்டிலும், அந்த அலுவலர்களின் வலித்த கண்களில்தான் குடிமகனின் தெரிவுக்குரிய மதிப்பு இருந்தது.

டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை நிறுத்திற்று. ஏறத்தாழ அறுபது லட்சம் வாக்குகள் பதிவான மாநிலத்தில் வேறுபாடு 537. நாடு முழுவதிலும் கூடுதல் வாக்குகள் பெற்றிருந்த கோர், தீர்ப்போடு தாம் உடன்படவில்லை என்று சொல்லிக்கொண்டே மறுநாள் தோல்வியை ஏற்றார். தோற்றவர் ஏற்புரை வழங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1896இல் வில்லியம் பிரையன் வெற்றிபெற்ற மெக்கின்லிக்கு அனுப்பிய தந்தியிலிருந்து வேரூன்றிய வழக்கம் அது. சட்டம் கேட்காத இடத்தில் தானே முன்வந்து செய்யப்படுவதால்தான் அதற்குத் துறவின் தன்மை உண்டு: தெரியவந்ததை ஒருவர் தம் விருப்பத்தாலும் ஏற்கும்போது, பிரிந்து கிடந்த அறிவும் விருப்பும் மறுபடி ஒரு மனத்துக்குள் கூடுகின்றன. 2020இல் தோற்றவர் அதைச் செய்ய மறுத்ததன் விளைவை 2021 சனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் பட்டறிந்தது.

அதற்குச் சரியாக இருபது ஆண்டுகளுக்கு முன், 2001 சனவரி 6 அன்று, அதே கட்டடத்தில் தேர்வாளர் வாக்குகளை எண்ணும் கூட்டுக்கூட்டத்துக்குத் துணைத் தலைவர் என்ற முறையில் அல் கோரே தலைமை தாங்கினார். அவருடைய கட்சி உறுப்பினர்கள் அவருக்காக ஒருவர் பின் ஒருவராக எழுந்து எழுப்பிய ஆட்சேபங்களை, செனட்டர் ஒருவரின் கையொப்பமாவது வேண்டும் என்ற விதியைக் காட்டி அவரே தள்ளுபடி செய்தார். பிறகு புஷ் 271, கோர் 266 என்று முடிவைத் தம் வாயால் அறிவித்தார்.