நீயும் நீங்களும்

"உமக்குப் பேசத் தெரியுமா?" என்று எவரையேனும் கேட்டுப் பாருங்கள், சினம் பொங்கும். "மழலையில் தொடங்கிய பேச்சு, இன்னும் ஓயவில்லையே!" என்பார். ஓயவில்லை, உண்மை. தெரியுமா என்பதன்றோ கேள்வி!

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை அங்கே மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கத்திலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் பேருந்தேறி வருகின்றனர் எளியோர். பட்டா கேட்பார் சிலர். முதியோர் உதவித்தொகை கேட்பார் சிலர். கையிலே மனு, நெஞ்சிலே ஏக்கம்: "என் சொல்லை ஒருவர் காது கொடுத்துக் கேட்பாரா?" அந்த ஏக்கத்துக்கு விடை கூற வேண்டியவர் அதிகாரி மட்டுமல்லர், நாமும்தான்.

பேச்சுக்கலை என்றதும் நம் நினைவிலே எழுவது மேடை. வள்ளுவர் அப்படிக் கருதவில்லை. சொல்வன்மையைப் பொருட்பாலில், அமைச்சர்க்குரிய இயலில், 65ஆம் அதிகாரமாக வைத்தார். இனியவை கூறலையோ அறத்துப்பாலில், இல்லறத்தார்க்கு, விருந்தோம்பலை அடுத்து 10ஆம் அதிகாரமாக வைத்தார். முன்னது சிலர்க்கு, பின்னது அனைவர்க்கும். சிலர்க்குரியதைப் பயின்றோம், அனைவர்க்குரியதை மறந்தோம்!

தெருமுனைத் தேநீர்க் கடையைப் பாருங்கள். மூட்டை சுமந்து முதுகு வளைந்த முதியவரை, மீசை அரும்பாத இளைஞன் "ஏய், இங்கே வா" என்கிறான். செல்வர் ஒருவர் வந்ததும், "வாங்க, உட்காருங்க" என்று குழைகிறான். மரியாதை அறியாதவனா அவன்? நன்கு அறிந்தவன்! யாருக்கு அளிப்பது என்பதைத்தான் சாதியும் சட்டைப்பையும் முடிவு செய்கின்றன.

அப்படியானால் 'நீ' இழிசொல்லா? இல்லை. தாய் மகனை 'நீ' என்கிறாள். மகனும் தாயை 'நீ' என்கிறான். தோழமையிலும் அப்படியே. அங்கே அச்சொல் இருபுறமும் பாயும் அன்பு. திருப்பிச் சொல்ல முடியாத 'நீ' இருக்கிறதே, அதுதான் சாட்டை!

ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கிலே வந்த உயர்சொல், இலக்கண நெறியன்று என்றார் தொல்காப்பியர். இலக்கணம் விதித்ததன்று, மக்கள் மனமுவந்து வழங்கியது அம்மதிப்பு. சிலர்க்கு வழங்கியதை எல்லோர்க்கும் வழங்கத் தடை ஏது?

1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விடுக என்றது. பட்டத்தைப் பெருமையெனக் கொண்ட நாட்டிலே, அதனைச் சேர்த்தெழுதக் கூசுவோர் பெருகினர். பெயரின் வால் அறுந்தது. விளியின் வாலாகிய 'டா' மட்டும் இன்னும் ஆடுகிறது!

அதையும் அறுக்க மாநாடு வேண்டியதில்லை. பெயர் கேட்டு அழையுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். நம்மால் பயன் பெறுவோர் முந்திக்கொண்டு வணங்கட்டும் என்று காத்திராதீர்கள்.

நாளைக் காலை, தெருவைத் தூய்மை செய்ய வருபவரிடம், "வணக்கம், நலமாக இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் திகைத்து நிற்கக்கூடும். அந்தத் திகைப்பு அவர் அறியாமையன்று; இத்தனை ஆண்டுகள் நாம் வாய் திறவாதிருந்ததற்குச் சான்று!