ஆளா, இடமா?

பதினெட்டு வயது ஹாக்கி வீரர் ஒருவரை அணிக்கு எடுக்கும்போது இரண்டு விதிகள் மோதிக்கொள்கின்றன. கைக்கு எட்டுகிறவர்களில் யார் கெட்டிக்காரரோ அவரை எடு என்பது ஒன்று. அணியில் எந்த இடம் காலியோ அந்த இடத்துக்கு ஆள் எடு என்பது இன்னொன்று. முன்களத்தில் ஏற்கெனவே நல்ல ஆட்டக்காரர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள்; தடுப்பு வரிசையில் ஓட்டை. தேர்வுக்கு வந்தவர்களில் முதல்வனோ ஐந்தாவது முன்கள வீரன். அவனை எடுத்தால் பெஞ்சில் உட்காருவான். விட்டால் எதிரணிக்குப் போவான்.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது பனித்தரை ஹாக்கியில், அணிகள் 1963 முதல் ஆண்டுதோறும் இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன; முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. ஒவ்வோர் ஆண்டும் அங்கே இதே வாதம்தான். நம் ஊர் ஹாக்கியில் அந்த முறை இல்லை, ஏலம் உண்டு. 2024 அக்டோபரில் தில்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் உள்ளிட்ட எட்டு ஆடவர் அணிகளும் தலைக்கு 24 பேரை எடுத்தன. அதில் வெளிநாட்டவருக்கு எட்டு இடம், இளையோர் நால்வர் கட்டாயம். கையில் உள்ள பணத்துக்கு எல்லை இருக்கும்போது திறமையும் தேவையும் ஒன்றின் பங்கை மற்றொன்று தின்னும்.

ஒருவனை அவனுடைய ஆற்றலுக்காகத் தேர்வதா, நம்மிடம் உள்ள குறையை அடைப்பதற்காகத் தேர்வதா என்பது மைதானத்தில் பிறந்த கேள்வி அன்று. இதிகாசத்திலும் அறநூலிலும் இது பழைய வழக்கு.

தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்வி தினசரி எழும் இடம் போடிநாயக்கனூர். ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வாசனைப் பொருளான ஏலம் பழைய சொல். கூவி விற்கும் ஏலம் போர்ச்சுகீசியர் வழி வந்தது. போடியில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கும் காய் சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரிக்கப்படும். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் பச்சை நிறக் காய்க்குத்தான் முதல் மரியாதை. வியாபாரி மாதிரிப் பொட்டலத்தைத் தட்டில் கொட்டுகிறார், விரலால் பரப்புகிறார், நிறம் பார்க்கிறார், ஒரு காயை நகத்தால் பிளந்து விதையின் கருமையைப் பார்க்கிறார். ஒரு லிட்டர் அளவுக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்ற லிட்டர் எடையும் கணக்கில் உண்டு. இத்தனையும் பார்த்த பிறகு அவர் அந்த முதல்தரச் சரக்கை விட்டுவிட்டு, வாய் பிளந்த சிறு காய் இருக்கும் குவியலுக்கு விலை சொல்லக்கூடும். அவருக்கு வந்திருக்கும் ஆர்டர் தேயிலைப் பொடியில் கலக்க. அங்கே தோலின் அழகு யாருக்கும் தெரியப்போவதில்லை. அரபு நாட்டுக் காபிக்கு அனுப்புகிறவரோ பருத்த பச்சைக் காயைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

சரக்குக்கு இந்த நியாயம் முழுக்கப் பொருந்தும். ஏலக்காய் வாங்கிய நாளில் எதுவோ அதுவே கடைசிவரை. ஆர்டருக்குத் தக்கதை வாங்குவதில் பிழையில்லை. மனிதன், அதிலும் வயது வராத மனிதன், அப்படி நிற்பதில்லை. தேவைக்கு ஆள் எடுக்கும் விதி சிக்கலாவது இங்கேதான்.

திருக்குறளில் ஆள் தேர்வுக்கு இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். முன்னது ஆளை அறிவது பற்றியது: குணமும் குற்றமும் நாடி, மிகுந்ததைக் கொண்டு மதிப்பிடச் சொல்கிறது. பின்னது அவனிடம் வேலையை ஒப்படைப்பது பற்றியது: இந்த வேலையை இந்த வழியில் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து, பிறகு அதை அவன் பொறுப்பிலேயே விட்டுவிடச் சொல்கிறது. வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் ஆள், அப்புறம் இடம். வள்ளுவர் இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பவில்லை. எவ்வகையில் ஆராய்ந்து தெளிந்தாலும் வேலையில் இறங்கும்போது வேறுபடும் மாந்தர் பலர் என்ற எச்சரிக்கையையும் இரண்டாம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வலைப்பயிற்சியில் மின்னுகிறவன் ஆட்டத்தில் மங்குவதைப் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் இதற்குச் சாட்சி சொல்வார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் இதே வரிசை தெரிகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக 30 பேர் தேர்வானார்கள். வயது, நிலம், சொந்த வீடு, கல்வி என்று தகுதி முன்பே வரையறுக்கப்பட்டது. தேர்வான முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் பிரிக்கப்பட்டார்கள். ஏரிக்கென்று தனியாக ஆள் தேடவில்லை. தகுதி வரம்புக்குள் வந்தவர்கள் பிராமண ஆடவர் மட்டுமே என்பதையும் சேர்த்துத்தான் இந்த முறையை மெச்ச வேண்டும்.

பிறப்பு இந்த விவாதத்துக்குள் நுழைவது இப்படித்தான். தன் இயல்புக்குரிய கடமையைக் குறையோடு செய்வது, பிறர் கடமையைக் குறைவறச் செய்வதைவிட மேல் என்று கீதை மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் சொல்கிறது. இடத்துக்கு ஆளை வளைக்காதே, ஆளுக்குரிய இடத்தை அறி என்று இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் அது திறமையின் பக்கம் நிற்கும் வாக்கு. ஆனால் இயல்பு என்பதைக் குலம் என்று படித்தவர்களே அதிகம். அப்போது அது, ஊருக்கு எந்தெந்த வேலை வேண்டுமோ அந்தந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆளைக் கட்டிப்போடும் விதியாகிவிட்டது. இடத்தேவைக்கு ஆள் எடுக்கும் முறையின் மிகக் கொடிய வடிவம் சாதிதான். பறையடிக்க ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையின் கையில் பறையை வைப்பவர், அந்தக் கைக்கு வேறென்ன வரும் என்று பார்ப்பதே இல்லை. வள்ளுவரும் தெரிந்து தெளிதலில் நற்குடிப் பிறப்பை ஓர் அடையாளமாகச் சொல்லியிருக்கிறார். ஆயினும் வினையை ஒப்படைக்கும் அதிகாரத்தில், அறிந்து செய்து முடிப்பவனுக்கே வேலை, வேண்டியவன் என்பதற்காக அன்று என்று கறாராக நிற்கிறார்.

சமய மரபில் திறமைக் கட்சியின் பெரிய சாட்சி துவாரகையில் நடந்த தேர்வு. பாரதப் போருக்கு முன் துரியோதனனும் அர்ச்சுனனும் கண்ணனின் துணை கேட்டு வருகிறார்கள். கண்ணன் உறங்குகிறான். முன்னால் வந்த துரியோதனன் தலைமாட்டில் உட்காருகிறான், அர்ச்சுனன் கால்மாட்டில் நிற்கிறான். விழித்தவன் கண்ணில் முதலில் பட்டவன் அர்ச்சுனன், இளையவனும் அவனே, ஆகவே முதல் தேர்வு அவனுக்கு. ஒரு பக்கம் நாராயணப் பெரும்படை. மறுபக்கம் ஆயுதம் ஏந்தாத, போர் செய்யாத கண்ணன். போருக்குக் களம் கூடியபோது பாண்டவர் பக்கம் 7 அக்குரோணி, கௌரவர் பக்கம் 11. ஆள்பலம் குறைந்த அணிக்குத் தேவை படைதான் என்று கணக்குத் தெரிந்த எவரும் சொல்வார்கள். அர்ச்சுனன் கண்ணனை எடுத்தான். துரியோதனன் தனக்குத்தான் லாபம் என்று மகிழ்ந்து போனான்.

இதைக் கணக்காகப் பார்க்கக் கூடாது, பக்தியாகவே பார்க்க வேண்டும் என்பது வைணவப் பார்வை: உடைமையை விட்டு உடையவனைப் பற்றியவன் அர்ச்சுனன். அது சரியே. ஆனாலும் அதன் பிறகு நடந்தது ஆள் தேர்வு பற்றி யோசிப்பவருக்கு முக்கியம். சண்டை போடாத ஒருவனுக்குப் பாண்டவர் படையில் காலியிடம் எதுவும் இருக்கவில்லை. அர்ச்சுனன் தேரோட்டும் இடத்தைக் கேட்டுக்கொடுத்தான். போர்க்களத்தில் கீழான வேலை அது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி என்ற பெயரில் இன்று வழிபடப்படுவது அந்த வேலை. எல்லாருக்கும் எளியனாதல் என்ற இறைக்குணத்துக்கு வைணவம் வைத்த பெயர் சௌலப்பியம். அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டும் இதே தேர்த்தட்டு.

பெரியகுளத்துக்காரர்களுக்கு இதன் எதிர்க்கதை நன்றாகப் புரியும். தேனி வட்டாரத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்த விளையாட்டு ஹாக்கி அன்று, கூடைப்பந்து. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அரை நூற்றாண்டைத் தாண்டி, கோடையில் விளக்கொளியில் நடந்துவருகிறது. உயரமான ஆள் ஒருவன் வளையத்தடியில் நின்றால் என்ன ஆகும் என்று படிக்கட்டு கேலரியில் உட்காரும் சிறுவனுக்குக்கூடத் தெரியும். 1984இல் அமெரிக்கக் கூடைப்பந்துத் தேர்வில் போர்ட்லண்ட் அணிக்கும் அதுவே தெரிந்திருந்தது. இரண்டாவது தேர்வு அவர்களுடையது. கிளைடு டிரெக்ஸ்லரை முந்தைய ஆண்டே எடுத்திருந்ததால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வேண்டியிருக்கவில்லை. வளையத்தடியில்தான் ஆள் இல்லை. ஏழடி தாண்டிய சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவது தேர்வில் சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டனை. போவி கால் எலும்பு முறிவுகளால் பருவம் பருவமாக வெளியே உட்கார்ந்தார். 1992 இறுதிப் போட்டியில் போர்ட்லண்ட் தோற்றது ஜோர்டனின் சிகாகோவிடம்.

நடந்து முடிந்த பிறகு போர்ட்லண்டைக் கேலி செய்வது சுலபம். அவர்கள் முட்டாள்கள் அல்லர். குறை உண்மையான குறைதான். ஆனால் அது 1984இன் குறை. எடுத்த பையன் முதிர இன்னும் நாலைந்து ஆண்டு ஆகும். அதற்குள் காயம், ஓய்வு, இடமாற்றம் என்று அணியின் ஓட்டைகள் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். தேவை ஆளைவிட வேகமாக மாறுகிறது என்பதே இளையோர் தேர்வில் திறமை விதிக்குள்ள வலுவான நியாயம்.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயி இந்த நியாயத்தைப் பயிர் பார்த்தே பிரிப்பார். பெரியாறு அணைத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலில் ரகத் தேர்வு அந்தப் போகத்துக்கானது. தண்ணீர் எப்போது திறக்கிறது, எத்தனை நாள் வயது ரகம் தாங்கும் என்று பார்த்து நாற்று விடுவார். தவறினால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு வைக்கும் பன்னீர் திராட்சை அப்படியன்று. கொடி பல ஆண்டு நிற்கும். நடுகிற வருஷத்துச் சந்தை விலையைப் பார்த்துக் கொடியை முடிவு செய்தவர் கையைச் சுட்டுக்கொள்வார். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தக் கொடிக்கு, அந்தந்த ஆண்டு விலைக்கு அன்று.

இடத்தேவையை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராகத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். இரண்டாம் கால்பகுதியின் தொடக்கம் அது. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். நடுக்களத்து மன்பிரீத் சிங் தடுப்புக்கு இறங்கினார். 1-1 என்று சமனில் முடிந்து, ஷூட் அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. அந்த நேரத்தில் யார் சிறந்தவர் என்ற கேள்விக்கே இடமில்லை. யார் அங்கே நிற்பது என்பது மட்டும்தான். களத்தில் தேவை ஆளும், அது சரி. தேர்வறையில் அதே கண்ணோடு உட்காருவதுதான் தவறு.

அன்று வலைக்காவலில் நின்ற பி.ஆர். ஸ்ரீஜேஷ், மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தவர். சிறுவயதில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று திரிந்தவர், திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு வலைக்காவலுக்கு வந்தார். பள்ளி எடுத்தது ஒரு விளையாட்டுப் பையனை. இடம் பிறகு கிடைத்தது. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் அவரே. மதுரை மைதானத்துக்குப் போன தேனிப் பையன்கள் கோட்டுக்கு வெளியே அவரைப் பார்த்திருப்பார்கள்.

எடுக்கப்பட்டவனின் பக்கமும் ஒன்று உண்டு, தேர்வுக் குழுக்கள் அதிகம் பேசாத பக்கம். துரியோதனன் தரப்பில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: சல்லியன். பாண்டவருக்குத் துணையாகப் புறப்பட்ட மத்திர நாட்டு மன்னனை வழியெல்லாம் விருந்து வைத்துத் துரியோதனன் தன் பக்கம் இழுத்தான். பதினேழாம் நாள் கர்ணனுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. வில்லில் அர்ச்சுனனுக்குக் குறையில்லை, ஆனால் கண்ணனைப் போல் ஒரு சாரதி இல்லை. குதிரை நடத்துவதில் சல்லியன் கண்ணனுக்கு இணை என்று பெயர் வாங்கியவன். இடமும் ஆளும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. மன்னனாகப் பிறந்தவன் தேரோட்டி மகனுக்குத் தேரோட்டுவதா என்று அவன் பொங்கியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கர்ணனின் மனத்தைத் தளர்த்துவதாக அவன் தருமனுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. நாள் முழுக்கத் தேர்த்தட்டிலிருந்து ஏச்சு விழுந்தது. கர்ணன் மாண்ட மறுநாள், பதினெட்டாம் நாள், சல்லியன் கௌரவர் படையின் தலைவனானான். அவன் தகுதிக்கு உரிய அந்த இடம் அவனிடம் அரை நாள் இருந்தது.