யாருடைய துன்பம் தீர்கிறது?

அந்தமான் தலைநகரில், டெலானிபூர் பகுதியிலிருந்து சற்றுத் தொலைவில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது செல்லுலார் சிறை. ஏழு கிளைகளோடு எழுந்த அக்கட்டடத்தில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. அந்தச் சிறை வளாகத்தில்தான் 1963-ஆம் ஆண்டு கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. உயிரை வதைத்த இடத்தில் உயிரைக் காக்கும் பணி தொடங்கியது.

1933-ஆம் ஆண்டு மே மாதம் இச்சிறையின் அரசியல் கைதிகள், தங்களை மனிதர்களாக நடத்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பகத்சிங்கின் தோழரான மகாவீர் சிங். காவலர்கள் அவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, குழாய் வழியே பால் புகட்டப்பட்டது. பால் நுரையீரலுக்குள் சென்றது. மே 17 அன்று அவர் உயிர் நீத்தார். அதே மாதத்தில் மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய இருவரும் மறைந்தனர்.

விழுங்க இயலாத நோயாளிக்கு இன்று மருத்துவமனைகளில் அதே போன்ற குழாய் வழியேதான் உணவு தரப்படுகிறது. அன்று அது வன்முறை. இன்று அது ஸேவை. கருவி மாறவில்லை. எவருடைய விருப்பத்தின்படி, எவருடைய நன்மைக்காக என்பதுதான் மாறியது. கருணைக்கொலை பற்றிய விவாதத்தை ஆராய்வோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இது.

நாற்பத்திரண்டு ஆண்டுகள்

இந்தியாவில் இக்கேள்வியை நாடறியச் செய்தவர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்த அவரை 1973 நவம்பர் 27 அன்று அங்கிருந்த ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான். பிராணவாயு தடைப்பட்டு மூளை சிதைந்தது. அன்று படுக்கையில் விழுந்தவர் மீண்டும் எழவே இல்லை.

அவர் நிலையை நூலாக எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, உணவு செலுத்துவதை நிறுத்தி அவரை அமைதியாக இறக்கவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவரை நோகச் சொல்வதற்கில்லை. அவரைத் தூண்டியதும் கருணையே. ஆனால் கே.இ.எம். செவிலியர்கள் அதை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அருணாவைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைத்து வந்தவர்கள் அவர்கள். அத்தனை ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தும் அவருடலில் படுக்கைப் புண் இல்லை என்பது நீதிபதிகளையே வியக்க வைத்தது.

2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடியானது. அருணாவுக்காகப் பேசும் உரிமை அவரைப் பேணியவர்களுக்கே உண்டு என்றது நீதிமன்றம். அதே வேளையில், மீளவே இயலாத நிலையில் உள்ளவருக்கு உயிர் நீட்டிப்புச் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியுடன் விலக்கிக்கொள்ளலாம் என்ற வழியையும் திறந்துவிட்டது. 2015 மே 18 அன்று நிமோனியாவால் அருணாவின் வாழ்வு தானே முடிந்தது.

எனினும் ஒரு கேள்வி விடையின்றி நிற்கிறது. அருணா என்ன விரும்பினார்? விரானியின் கருணையும் செவிலியரின் அன்பும் அவருக்காகப் பேசின. அவர் பேச இயலவில்லை.

தலைக்கூத்தலும் வடக்கிருத்தலும்

படுத்திருப்பவரைக் கேளாமலே பிறர் முடிவு செய்தால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அறியும். தென் மாவட்டங்களின் சில ஊர்களில் மறைவாக நிகழ்ந்துவந்த தலைக்கூத்தல் அதற்குச் சான்று. எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் முதியவரின் உயிர் முடித்துவைக்கப்படும். ‘பாவம், இழுத்துக்கொண்டு கிடக்கிறாரே’ என்பார்கள். அச்சொல்லில் இரக்கமும் இருக்கலாம். வறுமையும் சலிப்பும் சொத்துக் கணக்கும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். பிரித்தறிவது யார்?

இதற்கு நேர்மாறானது நம் மரபில் உள்ள வடக்கிருத்தல். கோப்பெருஞ்சோழன் தானே வடக்கிருந்தான். எவரும் அவனை இருத்தவில்லை. வடமொழியில் பிராயோபவேசம் எனப்படும் நெறியும், கடமைகள் முடிந்து, உடல் தளர்ந்து, வெறுப்போ கோபமோ இன்றித் தெளிந்த மனத்தோடு உணவை விடுவதையே குறிக்கிறது. 1982 நவம்பரில் பவுனார் ஆசிரமத்தில் வினோபா பாவே உணவையும் மருந்தையும் மறுத்து உடலை நீத்தார். செல்லுலார் சிறையில் பத்தாண்டுகள் கழித்த சாவர்க்கரும் 1966-இல் அவ்வாறே விடைபெற்றார். இவற்றை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் எடுக்கப்பட்ட முடிவு அவரவருடையது என்பதில் ஐயமில்லை. துன்பத்தால் துவண்டு, விரக்தியில் உயிரை மாய்த்துக்கொள்வதை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. அத்தகையவருக்குத் தேவை துணையும் சிகிச்சையும்.

சட்டம் காட்டும் வழி

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர், மீட்சியில்லாத நிலையில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது: நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும். அந்நிலை வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து முடிவு செய்யும். மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது இந்தியாவில் குற்றமே. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-இலும் கனடா 2016-இலும் அதனைச் சட்டப்படி அனுமதித்தன.

‘எல்லாம் பிராரப்தம், அனுபவித்தே தீர வேண்டும்’ என்போர் உண்டு. நோயுற்றவருக்கு அது வினையாக இருக்கலாம். அருகில் நிற்பவருக்கு அது கடமை. வினையென்று சொல்லி வலியைப் பார்த்துக்கொண்டிருப்பது தர்மமாகாது. போக வேண்டிய உயிரை இயந்திரங்களால் கட்டிவைப்பது மட்டும் வினையின் போக்கில் குறுக்கிடுவது ஆகாதா என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரணத்தை வேண்டும் நோயாளி உண்மையில் வேண்டுவது எது? வலியிலிருந்து விடுதலையா, தனிமையிலிருந்தா, பிறருக்குச் சுமையானோமே என்ற கூச்சத்திலிருந்தா? அவற்றைத் தணித்துப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோய் வலியைத் தணிக்கும் மார்ஃபின் நோயாளிக்கு எட்டாப் பொருளாயிற்று. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இதற்கிடையே 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர் மக்களையே தொண்டர்களாக்கிக் கேரளமெங்கும் பரவியது. கருணைக்கொலை வேண்டுமா என்று கேட்பதற்கு முன், கருணை வந்ததா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் இக்கேள்வி வாசலில் வந்து நிற்கும். அன்று மருத்துவர் கேட்கும்போது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்காதிருக்க, பெற்றோர் நலமாக இருக்கும்போதே தம் விருப்பத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அவ்வாறு சொல்லப்படாதபோது, கட்டிலருகே நிற்பவர் தம் மனத்தை ஒரு கேள்வியால் சோதித்துக்கொள்ளலாம்: இம்முடிவால் தீரப்போவது யாருடைய துன்பம்? அவருடையதா, நம்முடையதா? உண்மையான விடை ‘நம்முடையது’ என்று வருமானால், அவரது முடிவைப் பற்றிப் பேசும் நேரம் இன்னும் வரவில்லை. புரட்டிப் படுக்கவைக்க இன்னொரு கை தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள்.