சொல்லும் ஒரு கடனே

அவிநாசிக்கு வடக்கே, சேவூர்ச் சாலையில், இரவு நேரத்தில் ஒரு கார் பழுதாகி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையோர உதவிக்கும் சேர்த்துத்தான் வாங்கும்போதே பணம் கட்டியாயிற்று. தொலைபேசியில் அழைத்தால், விரைவில் ஆள் வருவார் என்ற பதில் மட்டும் வருகிறது. மீண்டும் அழைத்தால் வேறொரு குரல், முதலிலிருந்து விவரம் கேட்கிறது. இறுதியில், முன்பின் அறியாத ஒருவர் தம் வண்டியை நிறுத்தி உதவுகிறார்.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்துச் சமாரியர் உடனே நம் நினைவுக்கு வருகிறார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வழிப்போக்கர் செய்தது இரக்கம். நிறுவனம் செய்யத் தவறியது நீதி. பெற்ற பணத்துக்குரிய பணி கருணை அன்று, கடன். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய தவறுதலைச் சேவைக் குறைபாடு என்கின்றன. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, வாக்குறுதியையும் ஒப்பந்தத்தையும் காக்கும் கடமையைக் களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளையின்கீழ் வைத்துப் பேசுகிறது.

சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம், அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் கூலி கொடுத்து, மிகுதியைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றார். காயமுற்றவர் பிழைக்க அந்தச் சொல்லும் துணைநின்றது. இரக்கத்துக்கும் சொல் தவறாமை வேண்டியிருக்கிறது.

பனியன் தொழில் செழிக்கும் நம் பகுதியில், சனிக்கிழமைச் சம்பளத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவோர் நம்மிலும் உண்டு. அந்தத் தொழிலாளியும் இருளில் சாலையோரம் நிற்பவரே. சொன்ன நாளில் சொன்ன கூலியை அவர் கையில் தருவோம். தருமத்தைப் பற்றிப் பேசும் தகுதி அதற்குப் பிறகே நமக்கு உண்டாகும்.