ஹஃப்ஸா நாயகியாரின் ஏடுகளும் நம் பெண்மக்களின் விண்ணப்பங்களும்

 

எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருக்கும் பெண்மக்கள் இவ்வாண்டும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முடிவு வெளியாகும் அன்று நாமெல்லாம் மகிழ்ந்து இனிப்பு வழங்குவோம். அதற்கடுத்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பற்றியே இம்முறை பேச நாடினோம்.

ஹிரா குகையில் இறங்கிய முதல் கட்டளையே ஓதுவதைப் பற்றியது என்பதை மீலாது மேடைகளில் கேட்டுக் கேட்டு நம் காதுகள் பழகிவிட்டன. ஆகையால் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு வரலாற்றைச் சொல்கிறோம்.

மக்காவில் எழுதத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், குறைஷிக் குலத்தில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்றொரு அம்மையார் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். உமர் (ரலி) அவர்களின் மகளாரும் நம் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியாருமான ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர்கள் இந்த அம்மையாரே. ஒருநாள் இருவரும் இருந்த இடத்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். ஹஃப்ஸாவுக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்தது போலவே, நம்லா என்னும் தோல் நோய்க்கு ஓதிப் பார்க்கும் முறையையும் கற்றுக் கொடுக்கலாகாதா என்று ஷிஃபா அம்மையாரிடம் கேட்டார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. கற்றது போதும் என்று அண்ணலார் சொல்லவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக் கற்பியுங்கள் என்றல்லவா கேட்டார்கள்!

இதன் தொடர்ச்சியையும் கேளுங்கள். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த ஹாபிழ்கள் பலர் ஷஹீதானார்கள். உமர் (ரலி) அவர்களின் யோசனைப்படி, கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு திருமறையை ஏடுகளில் ஒன்று திரட்டினார்கள். அவ்வேடுகள் முதலில் அபூபக்ரிடமும், அவர்களுக்குப் பின் உமரிடமும் இருந்தன. உமர் (ரலி) அவர்களுக்குப் பின் அவை யாரிடம் இருந்தன? ஹஃப்ஸா நாயகியாரிடம். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எழுதுவித்தபோது, நாயகியாரிடம் ஆளனுப்பி அவ்வேடுகளை இரவல் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்தவர் என்பதனால்தான் அந்த அமானிதம் அவர்களிடம் வந்தது என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். எனினும், நம் கையிலிருக்கும் முஸ்ஹபு எழுத்துக் கற்ற ஒரு பெண்மணியின் வீட்டைக் கடந்து வந்திருக்கிறது. “பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?” என்று கேட்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்படியும் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். நாகூர் நமக்குத் தூரத்து ஊரல்ல. பக்கத்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அந்நாளில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நம்மில் பலர்? மூன்றாம் வகுப்போடு நின்ற பெண் இவ்வளவு செய்தார் என்று நாம் பெருமை பேசுகிறோம். ஏன் மூன்றாம் வகுப்போடு நிறுத்தினோம் என்று கேட்பதில்லை. திருவாங்கூர்ப் பக்கத்து இராவுத்தர் குடும்பத்தில் பிறந்த பாத்திமா பீவியை அவர் தந்தையார் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார். 1989இல் அந்த அம்மையார் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு பிள்ளை எஸ்.பி.எம். பரீட்சையில் நல்ல தேர்ச்சி பெற்றாள். வாப்பா சாப்பாட்டுக் கடையில் விடிகாலை முதல் நள்ளிரவு வரை நிற்பவர். உம்மாவுக்கு மலாய்ப் படிவம் படிக்கத் தெரியாது. விண்ணப்பம் கணினி வழியாகப் போக வேண்டும், அதற்கொரு கெடு உண்டு என்று அவர்களுக்குச் சொல்வாரில்லை. கெடு கடந்த பின்பே நம்மிடம் வந்தார்கள். அந்த வாரங்களில் நாம் என்ன செய்து கொண்டிருந்தோம் தெரியுமா? கந்தூரிக்கு எத்தனை தேக்சா நெய்ச்சோறு ஆக்குவது என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசிக் கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை இன்று வாப்பாவின் கடையில் கல்லாவில் இருக்கிறாள். சலாம் சொன்னால் பதில் சொல்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க நமக்குத்தான் வெட்கமாயிருக்கிறது.

தூரம் என்பார்கள் சிலர். கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் நான்காவது நிலையமே யூனிவர்சிட்டி. மலாயாப் பல்கலைக்கழகம் அதற்குப் பக்கம்தான். உம்ராவுக்குப் பெண்டு பிள்ளைகளோடு கடல் கடந்து போய் வரும் நமக்கு இது ஒரு தூரமா?

கலியாணம் தள்ளிப் போகும் என்பார்கள் வேறு சிலர். கையில் ஏதுமில்லாத ஏழை ஸஹாபி ஒருவர் நிக்காஹ் செய்ய விரும்பியபோது, ஓர் இரும்பு மோதிரமாவது உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள், அதுவுமில்லை. முடிவில், அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களையே பொருத்தமாக வைத்து மணம் முடித்து வைத்தார்கள். கல்வி மஹராகும் தகுதி பெற்றது இந்த மார்க்கத்தில். மண்டப வாடகைக்குப் பத்து வருஷமாகச் சேமிக்கிற நாம், மகளின் படிப்புக்கென்று ஒரு வெள்ளியாவது தனியே எடுத்து வைத்திருக்கிறோமா?

பணம் இல்லை என்பது மட்டும் நியாயமான காரணம். அதற்கு வழிகள் உண்டு. ஜக்காத்துக்கு உரியவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கிடைக்கும். கிள்ளானில் இருப்போர் சிலாங்கூர் ஜக்காத் வாரியத்திடமும், பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்போர் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய மன்றத்திடமும் கேட்க வேண்டும். ஜக்காத் கொடுக்கத் தெரிந்த நம் சமூகத்துக்கு, தேவைப்படும்போது உரிமையோடு கேட்கத் தெரியவில்லை. 1997இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கடனை வட்டி என்று அஞ்சி ஒதுக்குவோர் உண்டு. 2008 முதல் அது உஜ்ரா முறைக்கு மாற்றப்பட்டது. ஐயமுள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியட்டும்; கேளாமலே கதவைச் சாத்த வேண்டாம். பல்கலைக்கழகம் என்ற ஒரே வாசலும் இல்லை. ஆறாம் படிவம் உண்டு, பாலிடெக்னிக் உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டு இங்கே உழைக்கும் சகோதரர்களே! அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் மகள் அதற்கு விண்ணப்பித்தாளா என்று இன்றிரவே போனில் விசாரியுங்கள்.

மதீனாவில் பெண்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று, ஆண்களே தங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக் கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று முறையிட்டார்கள். நாயகமவர்கள் நாளும் இடமும் குறித்து, அங்கே போய்க் கற்பித்தார்கள். அந்த ஒரு நாளை நாமும் குறித்துவிட்டோம். எஸ்.பி.எம். முடிவு வெளியானதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின், மத்ரஸாக் கூடம் பெண்மக்களுக்கும் அவர்களின் தாய்மாருக்குமாகத் திறந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் கணினியோடு வந்திருந்து விண்ணப்பங்களை நிரப்பித் தருவார்கள். கட்டணம் இல்லை. தேநீரும் பசியாறலும் உண்டு. அதை இம்முறை ஆண்கள் பார்த்துக் கொள்வோம்.

வருகிறவர்கள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தேர்வு முடிவு, வாப்பாவின் சம்பளச் சீட்டு இவற்றின் நகல்களைக் கொண்டு வரவும். சம்பளச் சீட்டு இல்லாத கடை ஊழியர்கள் முதல் வெள்ளியன்றே ஜும்ஆவுக்குப் பின் செயலாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அதற்கு என்ன பத்திரம் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.